மணி அடித்த குதிகால்

காலையில் பாயை விட்டு எழுந்து முதல் அடி வைப்பதற்குள் எனக்கு வேர்த்துவிடும். வலது குதிகாலைத் தரையில் ஊன்றியதும் அடியிலிருந்து ஓர் ஆணி ஏறுவது போல இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் மரத்துப் போகும். மத்தியானம் வரைக்கும் அந்த மரத்த காலோடு ஓட்டிவிடலாம். சாயங்காலம் மறுபடியும் ஆணி.

அப்போது நான் சிங்கப்பூரில் ட்ராம் ஓட்டிக்கொண்டிருந்தேன். மின்சார ட்ராம் வந்து அதிக வருஷங்கள் ஆகவில்லை. ஓட்டுகிறவனுக்கு உட்கார இடம் கிடையாது. முன்பக்கத்துத் திறந்த மேடையில் நின்றபடி இடது கையால் மின்சாரக் கைப்பிடியைத் திருகவேண்டும், வலது கையால் பிரேக்கைப் பிடிக்கவேண்டும். இரண்டு கைக்கும் வேலை இருப்பதால் மணி அடிக்கும் வேலையைக் காலுக்குக் கொடுத்திருந்தார்கள். மேடைப் பலகையில் ஓர் இரும்புக் குமிழ் துருத்திக்கொண்டிருக்கும். அதைக் குதிகாலால் மிதித்தால் வண்டிக்கு அடியில் இருக்கும் மணி 'டாங்' என்று அதிரும்.

சிராங்கூன் சாலையில் மிதிக்காமல் பத்தடி போக முடியாது. தண்டவாளத்தைத் தங்கள் வீட்டு முற்றம் என்று நினைத்துக்கொண்டு மாடுகள் படுத்திருக்கும். மாட்டு வண்டிக்காரர்களுக்குத் தண்டவாளம் மேல் சக்கரம் ஓடினால் மாட்டுக்குப் பாரம் தெரியாது என்பதால் அதை விட்டு இறங்க மனசு வராது. ரிக்ஷா இழுக்கிற சீனர்களுக்கு எங்கள் மேல் கோபம். அவர்கள் சவாரியை நாங்கள் பறித்துக்கொண்டோம் என்று வேண்டுமென்றே குறுக்கே வருவார்கள். டாங், டாங், டாங் என்று விடிந்ததிலிருந்து பொழுது அடைகிற வரை மிதித்துக்கொண்டே இருப்பேன். அதுவும் பூட்ஸ் போட்ட காலால். ஊரிலிருந்து கப்பலேறி வந்த நாள் வரை செருப்புகூடப் போடாத காலை, காக்கி உடுப்போடு சேர்த்து அந்தக் கட்டைத் தோல் பெட்டிக்குள் திணித்துவிட்டிருந்தார்கள்.

முதலில் வைத்தியம் பார்த்தது என் மனைவிதான். நாங்கள் தேக்காவில், ஒரு கடையின் மாடியில், பலகைத் தடுப்பு போட்ட அறையில் குடியிருந்தோம். நான் வேலை முடிந்து வரும்போது அவள் அடுப்பில் ஒரு செங்கல்லைப் போட்டுச் சுட வைத்திருப்பாள். கல்லை இறக்கி, மேலே பழுத்த எருக்கிலையைப் பரப்பி, "வைங்க" என்பாள். நான் காலை வைப்பேன். இலை சுருங்கிப் புகையும். சூடு ஏறும்போது சுகமாகத்தான் இருக்கும். கண் சொருகி அப்படியே உட்கார்ந்தபடி தூங்கிப்போவேன்.

"இது குதிகால் வாதம். எங்க அப்பாவுக்கு வந்து இதே செங்கல்லுலதான் போச்சு" என்றாள்.

"இதே செங்கல்லா?"

"கிண்டலுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. காலை எடுக்காதீங்க."

ராத்திரி சுகம். காலையில் ஆணி. எருக்கிலைக்காக அவள் கால்வாய் ஓரமாக எங்கெங்கோ போய்வந்தாள். இலை தீர்ந்த நாளில் உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒற்றினாள். நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்தாள். எங்கள் அறை முழுக்க மருந்துக் கடை வாசனை வந்துவிட்டதே தவிர, கால் அப்படியே இருந்தது.

ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெஞ்சில் காத்திருந்து காத்திருந்து மத்தியானம் ஆகிவிட்டது. அங்கே மருந்து கட்டுகிற டிரெஸ்ஸர் என் காலைத் தொட்டுப் பார்க்காமல், நின்ற இடத்திலிருந்தே கண்ணால் பார்த்தார். வீக்கம் இல்லை, புண் இல்லை, எலும்பு முறியவில்லை. மூக்கைத் துளைக்கும் ஒரு தைலம் கொடுத்தார். "காலுக்கு ஓய்வு கொடு" என்றார்.

"எப்படிக் கொடுக்கிறதுங்க?" என்றேன். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பிறகு ரோச்சோர் பக்கத்து மலாய்க் கம்பத்தில், அதாவது குடிசைக் கிராமத்தில், பிள்ளை பெற்ற பெண்களுக்கு உடம்பு பிடித்துவிடுகிற அம்மாள் ஒருத்தி இருக்கிறாள், சுளுக்கும் எடுப்பாள் என்று மாடியில் குடியிருந்தவர்கள் சொன்னார்கள். நான் மாக்சிக், அத்தை, என்று கூப்பிடுவேன். பருத்த உடம்பு, வெற்றிலை போட்ட வாய். தேங்காயெண்ணெயைக் கையில் ஊற்றி வாய்க்குள் எதையோ ஓதிவிட்டு, என் காலை மடியில் வைத்துக் கெண்டைச் சதையில் கட்டை விரலை இறக்கினாள் பாருங்கள், நான் அலறிய அலறலில் கம்பத்துக் கோழிகள் சிதறி ஓடின.

"வலி குதிகால்லதானே?" என்று மலாயில் முனகினேன்.

"குதிகால்ல தெரியுது. உட்கார்ந்திருக்கிறது இங்கே" என்று கெண்டையை மறுபடியும் அமுக்கினாள்.

அவள் கை பட்ட மறுநாள் நன்றாகவே நடந்தேன். அதற்கு மறுநாளும் நடந்தேன். வாரக் கடைசியில் ஆணி திரும்பி வந்துவிட்டது. திரும்பவும் போனேன். திரும்பவும் நன்றாக நடந்தேன். திரும்பவும் வந்தது. கிணற்றில் இறைக்க இறைக்க ஊறுகிற தண்ணீர் மாதிரி.

இந்த நிலையில்தான் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. மணியை மிதித்தால்தானே வலி? வாய் எதற்கு இருக்கிறது? அன்றைக்கு லவண்டர் ஸ்திரீட் பக்கம் வண்டியைத் திருப்பும்போது வைக்கோல் வண்டி ஒன்று குறுக்கே நின்றது. நான் மேடையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஓய்! ஓரம் போ ஓய்!" என்று கத்தினேன். வண்டிக்காரன் நம்ம ஆள், உடனே விலகினான். பின்னாலிருந்த பிரயாணிகள் சிரித்தார்கள். பரவாயில்லையே என்று அன்று பூராவும், மறுநாளும் தொண்டையாலேயே வண்டியை நடத்தினேன். தமிழில் ஓய், மலாய்க்காரருக்கு அவர்கள் பாஷையில் ஓரம் போ என்று 'தெப்பி', சீனருக்கு வெறும் கூச்சல்.

மூன்றாம் நாள் பின் பெஞ்சில் எங்கள் ஃபோர்மேன் ஏறி உட்கார்ந்திருந்ததை நான் பார்க்கவில்லை. அவர் யுரேஷியர், பாதி வெள்ளைக்காரர்; வெள்ளை உடுப்பு, எப்போதும் குடை. மெக்கன்சி ரோட்டு ஷெட்டில் வண்டியைக் கொண்டு நிறுத்தியதும் மேடைக்கு வந்தார்.

"நீ ஓட்டறது ட்ராமா, மாட்டு வண்டியா?" என்றார் மலாயில்.

நான் குதிகாலைப் பற்றிச் சொன்னேன். பூட்ஸைக் கழற்றிக் காட்டட்டுமா என்றேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். அவர் கெட்டவர் இல்லை. கேட்டுக்கொண்டுதான் நின்றார். ஆனால், "மணி அடிக்காம யாரு மேலயாவது ஏத்திட்டா என் வேலையும் சேர்ந்து போகும். காலைச் சரி பண்ணிக்கிட்டு வா. இல்லேன்னா உடுப்பைக் கழட்டிக் கொடுத்திடு" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று வீட்டுக்குள் போக மனசில்லாமல், நாங்கள் குடியிருந்த மாடிக்குக் கீழே உள்ள எண்ணெய்க் கடையில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் நாகூர்ப் பக்கத்து பாய். அவர் குடும்பம் ரெண்டு தலைமுறையாக இங்கே வியாபாரம். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"தம்பி, சீன வைத்தியன்கிட்ட போனீங்களா?"

"ஊசி குத்துவானாமே, அவனா?"

"அவன்தான். போன மழைக்கு எனக்குத் தோளு தூக்க முடியாம கிடந்துச்சே, ஞாபகம் இருக்கா? தொப்பியை எடுத்துத் தலையில வைக்க முடியல. அவன்தான் குத்தினான். இப்பப் பாருங்க" என்று எண்ணெய் டின்னை ஒரு கையால் தூக்கிக் காட்டினார். "வலிக்காது தம்பி. அப்படி வலிச்சாலும் வெளியில காட்டிக்காதீங்க. அவன் சிரிப்பான்."

என் மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. "இரும்பை உடம்புக்குள்ள விடுவாங்களா? காலு சூம்பிப் போச்சுன்னா யாரு பாக்கிறது?" என்றாள். உடுப்பைக் கழற்றச் சொல்லியிருக்கிறார்கள் என்பதைச் சொன்னேன். அடுப்பிலிருந்த செங்கல்லை இறக்கி வைத்தாள். பிறகு, "நானும் வருவேன்" என்றாள்.

சீன வைத்தியரின் கடை ஜாலான் புசார் போகிற வழியில், ட்ராம் பாதையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. உள்ளே சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மர இழுப்பறைகள். காய்ந்த வேர், பட்டை, என்னவென்று கேட்க விரும்பாத வேறு சில சாமான்கள். சின்சே, அதாவது வைத்தியர், என் வயசுதான் இருப்பார். ஒல்லி. ஸ்டூலில் உட்கார்ந்து வேர்க்கடலையை உடைத்துத் தின்றுகொண்டிருந்தார். சந்தை மலாயில்தான் நாங்கள் பேசிக்கொண்டோம். அவர் மலாய் என் மலாயைவிட மோசம்.

காலை நீட்டச் சொல்லி அமுக்கிப் பார்த்தார். மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு ஒரு துணி மடிப்பைப் பிரித்தார். உள்ளே ஊசிகள். தையல் ஊசி மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். சில ஊசிகள் என் உள்ளங்கை நீளம்.

என் மனைவி எழுந்து எனக்கும் அவருக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

"மொதல்ல அவரைக் குத்திக்கச் சொல்லுங்க" என்றாள்.

"சும்மா இரு."

"சொல்லுங்கன்னா சொல்லுங்க."

நான் தயங்கித் தயங்கி மலாயில் சொன்னேன். சின்சே அவளைப் பார்த்தார். கோபித்துக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். அவர் ஓர் ஊசியை எடுத்து விளக்குச் சுடரில் காட்டி, துணியில் துடைத்து, தன் இடது முன்கையில், முழங்கைக்குக் கீழே இறக்கினார். ரத்தம் வரவில்லை. ஊசி நட்டுக்கொண்டு நிற்க, அந்தக் கையாலேயே கடலையை எடுத்து உடைத்து வாயில் போட்டுக்கொண்டார். என் மனைவி குனிந்து கிட்டத்தில் போய் நன்றாகப் பார்த்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சரி, குத்தட்டும்" என்றாள்.

காலில் குத்துவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காலை நீட்டினால், அவர் என் இடது கையைப் பிடித்தார். கையில்லை, கால் என்றேன். தெரியும் என்றார். வலது குதிகாலுக்கு இடது மணிக்கட்டில், உள்ளங்கை தொடங்குகிற இடத்தில் ஊசி இறங்கியது. எறும்பு கடித்தது போல ஒரு சுருக். அதற்குப் பிறகு கை முழுக்கக் கனத்து, உள்ளுக்குள் எதுவோ இழுக்கிற மாதிரி இருந்தது.

"இப்ப எழுந்து நின்னு குதிகாலைத் தரையில மிதி" என்றார்.

நின்றேன். மெதுவாக மிதித்தேன். வலித்தது. இன்னும் என்றார். மிதித்தேன். அவர் ஊசியைத் திருகிக்கொண்டே இருந்தார். இன்னும், இன்னும் என்றார். நான் எப்படி மிதிப்பேன்? எனக்குத் தெரிந்த ஒரே மிதி மேடையில் மிதிக்கிற மிதிதான். கட்டைத் தரை அதிர்ந்தது. டக், டக், டக்.

சின்சே திருகுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "என்ன வேலை பார்க்கிறே?"

ட்ராம் என்றேன். கைப்பிடியைத் திருகுவது போலக் காட்டி, காலால் இன்னொரு தரம் மிதித்துக் காட்டினேன்.

"நீதானா?" என்றார். தன் பாஷையில் உள்பக்கம் திரும்பி உரக்க எதையோ சொன்னார். சமையல்கட்டிலிருந்து அவர் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து என்னைப் பார்த்தாள். காலையில் கண் விழிக்கிறதுக்கு முன்னாலேயே அந்த மணிதான் அவர்களை எழுப்புகிறதாம். எவனோ ஒருவன் மட்டும் மற்ற டிரைவர்களைவிட ஓங்கி ஓங்கி மிதிக்கிறான், அவன் கால் விளங்காமல் போக என்று அவள் வைதுகொண்டே அடுப்பு மூட்டுவாளாம். அவள் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பிறகு அவசரமாகத் தேநீர் கொண்டு வந்து வைத்தாள். விஷயத்தை நான் தமிழில் சொன்னதும் என் மனைவிக்கு அந்தப் பெண் மேல் வந்த கோபம் தேநீர் தீருகிற வரைக்கும் அடங்கவில்லை.

ஊசியை எடுத்துவிட்டு, குதிகாலுக்குப் பக்கத்திலும் கெண்டையிலும் வேறு ஊசிகளைப் போட்டார். ஊசித் தலையில் காய்ந்த ஏதோ பச்சிலைப் பஞ்சை உருட்டி வைத்துப் பற்ற வைத்தார். சூடு ஊசி வழியாக உள்ளே போனது. கெண்டையில் அவர் குத்திய இடம் மாக்சிக் கட்டை விரலை இறக்கிய அதே இடம்தான் என்று எனக்குத் தோன்றியது. நான் அதை இரண்டு பேரிடமும் சொல்லவில்லை. எழுந்து நடந்தபோது கால் யாரோ ஒருவருடைய கால் மாதிரி லேசாக இருந்தது.

அதிலிருந்து வேலை முடித்து வாரம் தவறாமல் போய்வந்தேன். என் மனைவியும் வந்தாள். எனக்கு ஊசி போட்டிருக்கும் நேரத்தில் சும்மா இருப்பானேன் என்று தன் ஒற்றைத் தலைவலியைச் சொன்னாள். அவளுக்கும் கையிலேயே குத்தினார். சின்ன வயசிலிருந்து அவளைப் படுத்திக்கொண்டிருந்த தலைவலி அதோடு குறைந்துபோனது. இரும்பு உடம்புக்கு ஆகாது என்று சொன்னவள், மாடியில் யாருக்கு என்ன நோவு என்றாலும், "ஒரு குத்து குத்திக்கிட்டு வாங்க, சரியாப் போயிடும்" என்று சொல்ல ஆரம்பித்தாள். சின்சேயின் மனைவியோடும் சமாதானமாகிவிட்டாள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தைகூடக் கிடையாது. ஆனாலும் சமையல்கட்டில் உட்கார்ந்து வெகுநேரம் பேசிக்கொண்டிருப்பார்கள்.

என் கால் மட்டும் பாதி வழியில் நின்றது. முன்னைக்கு இப்போது தேவலை. காலையில் சுவரைப் பிடிக்காமல் நடக்க முடிந்தது. மணியையும் மிதிக்க முடிந்தது. ஃபோர்மேன் ஒன்றும் சொல்லவில்லை. இப்படியே போனால் சரியாகிவிடும் என்று நம்பியிருந்த நேரத்தில் தைப்பூசம் வந்தது.

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலையில் ட்ராம் ஓட்டியவனுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். காவடி எடுக்கிறவர்கள், அவர்களுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள், பார்க்க வந்த சீனக் குடும்பங்கள், வேடிக்கை பார்க்கும் வெள்ளைக்காரர்கள், எல்லாரும் தண்டவாளத்து மேல்தான். மேளச் சத்தத்தில் என் மணி யாருக்குக் கேட்கும்? மிதித்தேன். காலை எடுக்காமல் மிதித்தேன். நாக்கிலும் முதுகிலும் வேல் குத்திக்கொண்டு ஒருவன் முகம் சுளிக்காமல் என் வண்டிக்கு முன்னால் ஆடிக்கொண்டு போனான். நான் குதிகால் வலியில் கண்ணீர் விட்டுக்கொண்டு அவனுக்குப் பின்னால் ஊர்ந்தேன். மேடைக்கம்பியில் சாய்ந்துகொண்டு, இதெல்லாம் எதற்கு என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. பக்தியைச் சொல்லவில்லை. என் வேலையைச் சொல்கிறேன்.

மறுநாள் பாயிலிருந்து எழுந்திருக்கவே முடியவில்லை. எண்ணெய்க் கடை பாய் தன் கைவண்டியில் என்னை உட்கார வைத்துச் சின்சேயிடம் அனுப்பினார். எண்ணெய் டின்னுக்குப் பதிலாக நான்.

சின்சே காலைத் தொட்டார். ஊசித் துணியைப் பிரிக்கவில்லை.

"நான் எடுக்கிறேன். நீ போய்த் திரும்ப உள்ளே வைக்கிறே" என்றார். "எனக்கும் அலுத்துப் போச்சு."

அவருக்கு என் மேல் கோபம் இல்லை. நிஜமாகவே அலுத்துத்தான் போயிருந்தார். அவர் முகத்தில் அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ ஆறுதலாக இருந்தது. என் மனைவி செங்கல்லைச் சுடவைக்கும்போதும், மாக்சிக் எண்ணெய் தேய்க்கும்போதும் எல்லாரும் இதோ சரியாகிவிடும், அதோ சரியாகிவிடும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். ஆகாது என்று சொன்னவர் இவர் ஒருவர்தான். அன்றைக்கும் கடைசியில் ஊசி போட்டார். ஆனால் எழுந்து மிதிக்கச் சொல்லவில்லை.

கைவண்டியில் திரும்பி வரும்போது என் மனைவி கூடவே நடந்து வந்தாள். "உடுப்பைக் கொடுத்திடுங்க" என்றாள்.

"கொடுத்துட்டு?"

"ஷெட்டுல உட்கார்ந்து பாக்கிற வேலை இல்லையா? கேட்டுப் பாருங்க."

"அது சம்பளம் கம்மி. மரியாதையும் கம்மி."

"நொண்டிக்கிட்டே மரியாதையா நிக்கிறதுக்கு உட்கார்ந்துக்கிட்டே கம்மியா இருக்கலாம்" என்றாள். வெயில் ஏறியிருந்தது.

ஃபோர்மேனிடம் போய்க் கேட்டேன். அவர் எதிர்பார்த்துக்கொண்டிருந்தவர் போல, மோட்டார்களைப் பிரித்துத் துடைக்கிற இடத்தில் ஆள் வேண்டும் என்றார். காக்கி உடுப்பையும் தொப்பியையும் மடித்து மேஜை மேல் வைத்தேன். பூட்ஸை வைக்கும்போது வலது பூட்ஸின் அடியைத் திருப்பிப் பார்த்தார். குதிப் பக்கம் தேய்ந்து தோலே கிழிந்திருந்தது. அதை ஓரமாக வைத்தார். வெறுங்காலோடு ஷெட்டின் சிமெண்டுத் தரையில் நடந்துபோனேன். குளிர்ச்சியாக இருந்தது.

ஊசிக்குப் போவதை நிறுத்தவில்லை. செங்கல் ஒத்தடமும் நடந்தது. சின்சேக்குத் தெரியாமல் ஓரிரு தடவை மாக்சிக்கிடமும் போய்வந்தேன். ஒரு நாள் காலையில் எழுந்து, கீழே போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறிப் பாதி வந்த பிறகுதான் வலிக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. படியிலேயே குடத்தை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டேன். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. அத்தனை நாளும் தூக்கிச் சுமந்த களைப்பெல்லாம் அந்தப் படியில்தான் என்மேல் இறங்கியது.

யார் குணப்படுத்தியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எருக்கிலைதான் என்றாள் என் மனைவி. ஊசியைத் தலைவலிக்கு மட்டும் ஒத்துக்கொண்டாள். நான் சொன்னேனே என்றார் பாய். மாக்சிக் என்னைச் சந்தையில் பார்த்து, கெண்டையைத் தொட்டுக் காட்டிச் சிரித்தாள். அந்த டிரெஸ்ஸர் பார்த்திருந்தால், நான்தான் ஓய்வு கொடு என்று சொன்னேன் என்றிருப்பார். எல்லாருக்கும் ஆமாம் என்றேன். சின்சே ஒருவர்தான் எதையும் கோரவில்லை. விஷயத்தைச் சொன்னதும் கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தி, "நல்லது லா" என்று மலாய்க்காரர் போல இழுத்தார்.

ஷெட்டில் ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து, குனிந்து, கரி படிந்த மோட்டார்ப் பாகங்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருப்பேன். விடிந்ததிலிருந்து பொழுது அடைகிற வரை. குனிந்தே உட்கார்ந்திருப்பவனுக்கு இடுப்பு என்னவாகும் என்று எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் உட்கார்ந்திருப்பேன்.